சும்மாடு கட்டிய இளவரசி

எங்கள் ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போன பெண்களுக்குப் போடியில் சொந்தம் இருந்தது, வருசநாட்டில் சொந்தம் இருந்தது, ஒருத்திக்குத் துபாயில்கூட இருந்தது. விண்வெளியில் சொந்தம் வைத்திருந்தது மதினி ஒருவர்தான்.

மதினி என்றால் எனக்கு நேர் மதினி இல்லை. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் பின்தெருக்காரர். முதலில் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் தாய்மாமன் வழியாக எங்கெங்கோ சுற்றி மதினி முறையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். "அக்கான்னா ஒன்னயக் கேலி பண்ண முடியாதுத்தா. மதினின்னு கூப்பிடு, ரெண்டு பேருக்கும் வசதி" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கேலிக்குக் குறைவில்லை.

மலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போவது அவர் வேலை. விடிவதற்கு முன்னால் தெருமுனையில் நின்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்கு வேலைக்கு வராதவர்களும் எழுந்து பல் விளக்கிவிடுவார்கள். எல்லாரையும் ஜீப்பில் அடைத்து, கம்பம்மெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கி, சாயங்காலம் அதே பெண்களை அதே ஜீப்பில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். ஒரு ஆள் குறைந்தாலும் ஜீப்பை எடுக்க விடமாட்டார். டிரைவர் அண்ணன் ஆரனை அடித்து ஓய்ந்து போவார்.

மதினிக்குக் கதவைத் திறக்கக் கை தேவைப்படாது. எதுவானாலும் இடது தோளைக் கொடுத்து ஒரு தள்ளு. பஸ்ஸில் கூட்டம், ரேஷன் கடை வரிசை, கிளம்பாத ஜீப், மாட்டுக் கொட்டகைப் படல், எல்லாவற்றுக்கும் அந்தத் தோள்தான். ஒருமுறை ஒரு பாங்கின் கண்ணாடிக் கதவை வெகுநேரம் தள்ளிக்கொண்டிருந்தார். "இழு" என்று அதில் எழுதியிருந்தது. காவல்காரர் ஓடிவந்து சுட்டிக்காட்டினார். மதினி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வருகிறவர்களுக்கு வேலை வைக்கிற கடை உருப்படாது என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தள்ளினார்.

அந்த இளவரசி எங்களுக்குக் கிடைத்தது ஒரு மழைநாளில்.

மலையில் மண் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டது. ஜீப் அடிவாரத்தோடு திரும்பியது. எல்லார் மடியிலும் தூக்குவாளி. வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். சும்மா வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்தால் எந்த வீட்டுக்கும் துவைக்காத போர்வை ஞாபகம் வந்துவிடும். மதினி ஒரு முடிவெடுத்தார். சோற்றைக் கட்டிக்கொண்டு வாசல் தாண்டியாயிற்று, இனிமேல் சாயங்காலம் வரைக்கும் நாம் வேலையில்தான் இருக்கிறோம் என்றார். கம்பத்தில் ஒரு தியேட்டர் வாசலில் ஜீப் நின்றது.

டப்பிங் படம். பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் போஸ்டரின் மேல்பாதியை ஆடு தின்றிருந்தது. மிச்சமிருந்தது பாதி ராக்கெட்டும் ஒரு பெண்ணின் தலையும். டிக்கெட் கொடுப்பவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, இது சாமி படம் இல்லை என்று எச்சரித்தார். ராக்கெட்டைப் பார்த்தாலே தெரிகிறது என்றார் மதினி.

நான் அப்போதுதான் ஜீப்புக்குப் புதுசு. ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரி காலை வாரிவிட, வீட்டில் முகம் கொடுக்க முடியாமல் மலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். அதனால் எனக்கு எல்லாரைவிடவும் அறிவு அதிகம் என்று ஒரு நினைப்பு. இந்தப் பெண்களுக்கு விண்வெளிப் படம் எங்கே புரியப்போகிறது என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். படம் எனக்கும் புரியவில்லை. வெள்ளைக்காரர்கள் எல்லாம் "அடேய் மூடனே, எரிபொருள் தீர்ந்துவிட்டது" என்று ராஜா காலத்துத் தமிழில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

பிறகு இளவரசி வந்தாள். வெள்ளி நிறத்தில் அங்கி. பின்னலைச் சுருட்டி உச்சந்தலையில் வட்டமாக உட்கார வைத்திருந்தாள். மதினி சீட்டை விட்டு எழுந்துவிட்டார்.

"அடி ஆத்தி. அந்தப் புள்ள தலையில சும்மாடு வச்சிருக்காடி."

எங்கள் ஊரில் புல்லுக்கட்டோ, சாணிக்கூடையோ, தண்ணீர்க்குடமோ, பாரம் என்றால் தலைதான். உச்சி நோகாமல் இருக்கத் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்போம். அதையே அந்தப் பெண் முடியாலேயே வைத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? மதினிக்குச் சந்தேகமே இல்லை. சுமந்து பழகின பிள்ளை, நாளைக்கும் சுமக்கப் போகிற பிள்ளை, அதனால்தான் அவிழ்க்காமல் வைத்திருக்கிறாள். அது வெறும் கொண்டை என்று நான் சொன்னேன். ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடைவேளைக்குள் எங்கள் வரிசை முழுக்க முடிவாகிவிட்டது: அந்தக் கிரகத்தில் தண்ணீர்க் கஷ்டம், இளவரசியாகவே இருந்தாலும் அவளவள் குடத்தை அவளவள்தான் தூக்கியாக வேண்டும்.

தூக்குவாளிகளைத் திறந்து புளிச்சோற்றைத் தின்றுகொண்டே மீதியைப் பார்த்தோம். வில்லன் ஆட்கள் இளவரசியைப் பிடித்து ஒரு இரும்பு அறையில் தள்ளிக் கதவை அடைத்தார்கள். உள்ளே காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சிவப்பு விளக்கு மினுங்கியது. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கதவையே பார்த்தாள். திரை முழுக்க அந்தச் சும்மாடு.

கரண்டு போய்விட்டது.

ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நாளைக்கு வாருங்கள், இதே டிக்கெட்டில் விடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் ரோடு சரியாகவில்லை. போனோம். படத்தை மாற்றியிருந்தார்கள். இப்போது நிஜமாகவே சாமி படம் ஓடியது. மதினி மேனேஜர் அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்தப் புள்ளைய எங்கன வச்சிருக்கீக?"

மேனேஜர் பாவம், வேறு எதையோ நினைத்துப் பயந்துவிட்டார். விஷயம் விளங்கியதும், படப்பெட்டி காலை பஸ்ஸிலேயே மதுரைக்குப் போய்விட்டது என்றார். மதினி வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். "அப்ப அடச்சது அடச்சபடியே பெட்டியில வச்சுக் கொண்டு போயிட்டாக" என்றார். அவர் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து, அவர் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டது.

அவர் கவலை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிள்ளை எப்படியும் வெளியே வந்திருப்பாள், சினிமாவில் விட்டுவிடமாட்டார்கள். ஆனால் உள்ளே இருந்த நேரத்தில் என்ன செய்தாள்? யாராவது வந்து திறக்கட்டும் என்று அழுதுகொண்டு நின்றாளா, இல்லை அவளாக ஏதாவது பண்ணினாளா? இது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாத வரைக்கும் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. அடுத்தநாள் ஜீப் மலை ஏறும்போது அவரே ஒரு முடிவைச் சொன்னார். இளவரசி தலையில் இருந்த தேங்காயெண்ணெயை வழித்துக் கதவின் கீலில் தடவி நகர்த்திவிட்டாளாம்.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு. ஜீப்பில் யார் வீட்டில் என்ன சண்டையோ அதை வைத்து இளவரசிக்கு வழி கிடைக்கும். நாத்தனார் சண்டை நடந்த வாரத்தில், வெளியே காவல் இருந்தவனின் பெண்டாட்டியிடம் நைசாகப் பேசிச் சாவியை வாங்கிவிட்டாள். ஒருத்தி வீட்டில் ஆடு காணாமல் போனபோது, இளவரசி கதவடியில் அகத்திக்கீரையை நீட்டினாள், விண்வெளி ஆடு வந்து முட்டித் திறந்தது. விண்வெளியில் ஆடு ஏது என்று கேட்டேன். போஸ்டரைத் தின்றது எது என்று திருப்பிக் கேட்டார். ஜீப் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. டிரைவர் அண்ணன் வளைவில் வண்டியை நிறுத்தி, முடிவைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

எந்த முடிவிலும் ஒன்று மட்டும் மாறாது. அவளாகத்தான் வெளியே வருவாள். யாரும் வந்து திறக்கமாட்டார்கள். "சும்மாடு வச்ச தலை சும்மா நிக்காது" என்பதோடு கதை முடியும், ஜீப்பும் தோட்டத்து வாசலில் நிற்கும்.

கதை கேட்கிறவர்கள் கதையோடு விடுவார்களா? முதலில் தலை மாறியது. பின்னலைத் தொங்கவிட்டால் ஏலச்செடியில் மாட்டும், அட்டைப்பூச்சி ஏறும். சுருட்டி உச்சியில் வைத்தால் தொந்தரவில்லை. ஒரு மாசத்தில் எங்கள் ஜீப்பே இளவரசி ஜீப் ஆகிவிட்டது. அடுத்த ஜீப்புக்காரிகள் பார்த்துக் கட்டினார்கள். பிறகு கல்யாண வீட்டில் ஒரு பெண் அப்படிக் கட்டி மல்லிகையைச் சுற்றிக்கொண்டாள். கம்பத்து பியூட்டி பார்லர் அக்கா அதற்கு ஜீப் கொண்டை என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் தேனி மண்டபங்களில் ரிசப்ஷன் மேடையில் ஜீப் கொண்டை நிற்கிறது. அந்தப் பெண்களுக்கு ஜீப்பும் தெரியாது, ராக்கெட்டும் தெரியாது.

தலையோடும் நிற்கவில்லை. ஒருத்தி தையல் கடை போட்டாள். ஒருத்தி குடித்துவிட்டு வந்த புருஷனை வாசலிலேயே படுக்க வைத்துக் கதவைச் சாத்தினாள். இரண்டுக்கும் காரணம் கேட்டால் இளவரசி பேரைத்தான் சொன்னார்கள்.

மதினியோ நேர்த்திக்கடனே போட்டுவிட்டார். எங்கள் மாரியம்மன் திருவிழாவில் வேஷம் போடுவது வழக்கம். காய்ச்சல் தெளிந்தால் கரடி வேஷம், மகனுக்கு வேலை கிடைத்தால் போலீஸ் வேஷம் என்று வேண்டிக்கொண்டு வீதி சுற்றி வருவார்கள். மதினி டீத்தூள் பாக்கெட்டுகளின் வெள்ளித்தாளை ஒட்டி அங்கி செய்து, சும்மாட்டின் நடுவில் பேனா டார்ச்சைச் சொருகிக்கொண்டு வந்து நின்றார். அந்தப் பிள்ளை அறைக்குள் சும்மா நிற்கவில்லை என்று சேதி தெரிகிற வரைக்கும் வருஷா வருஷம் வேஷம், தெரிந்த வருஷம் மண்ணில் உருவம் செய்து வைப்பது என்று வேண்டுதல். பக்கத்தில் நின்ற கரடி இது என்ன வேஷம் என்று கேட்டது. மேலேயிருந்து வந்த வேஷம் என்றார் மதினி. கரடி கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டது.

அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது பூசாரி யார் பேருக்கு என்றார். இளவரசி பேருக்கு. நட்சத்திரம்?

"அதச் சொல்றதுக்குள்ளதான் கரண்ட நிப்பாட்டிப்பிட்டாக சாமி."

பூசாரி சாமி பேருக்கே பண்ணிவிட்டார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. ஸ்டோர் கதவு விஷயம்தான் வேலைக்கே உலை வைத்தது. தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கிற கட்டடத்தை ஸ்டோர் என்போம். உள்ளே அனல் ஓடும். ஒருநாள் பெருமழைக்கு நாங்கள் எல்லாரும் அதற்குள் ஒதுங்கினோம். காற்று அடித்துக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இருட்டு, புழுக்கம், ஏலக்காய் வாடை. ஒருத்தி போய்த் தள்ளினாள், திறக்கவில்லை. யாரோ வெளியே பூட்டிவிட்டார்கள் என்று ஒரு குரல் அழ ஆரம்பித்தது. மசக்கைக்காரி ஒருத்தி சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் மதினிக்கு அந்தச் சிவப்பு விளக்கு கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, இடது தோளைக் காட்டச் சொல்லி, ஒரு சத்தம் கொடுத்தார். தள்ளினோம். கதவு நிலையோடு பெயர்ந்து வெளியே விழுந்தது, நாங்கள் அதன்மேல் விழுந்தோம். எதிரே குடைபிடித்து நின்றிருந்த சூப்பர்வைசர் சேட்டனின் குடை எங்களுக்கு அடியில் போனது, அவர் மயிரிழையில் தப்பினார். அவர் கத்தவில்லை. கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"பூட்டியிட்டில்ல சேச்சி. அகத்தோட்டு வலிச்சா மதி."

பூட்டவே இல்லை, உள்பக்கம் இழுத்தாலே போதும். மதினி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "அத வெளிய நின்னு சொல்லி என்ன புண்ணியம்" என்றார். அடுத்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சீசன் நடுவில் ஜீப் சும்மா நின்றது. வேறு தோட்டம் பிடிக்கும் வரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் துவைக்காத போர்வைகள் வெளியே வந்தன. அந்த நாட்களில் சிலர் மதினியோடு பேசவில்லை. மசக்கைக்காரி மட்டும் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அவர் வாசல் வழியாகத்தான் போவாள்.

எனக்குப் போர்வையோடு ஒரு நியாயமான பயமும் வந்தது, இப்படியே இருந்துவிடுவோமோ என்று. ஆனாலும் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் தொடுவதில்லை என்று வைராக்கியம். ஒருநாள் மதினி எங்கள் வீட்டுக்கு வந்து, என் அப்பா முன்னால் உட்கார்ந்து, நேற்று ராத்திரிதான் இளவரசியைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்தது என்றார். அப்பாவுக்கு இளவரசியைத் தெரியும். ஊருக்கே தெரியும்.

"அவளும் கெமிஸ்ட்ரில பெயிலு மாமா. அதான் அந்தக் கதவு என்ன இரும்புன்னு தெரியாம நிக்கிறா."

எனக்கு வந்த கோபத்தில் அவரை வெளியே போகச் சொல்லியிருப்பேன். அதற்குள் அப்பா சிரித்துவிட்டார். பெயிலான பிறகு அப்பா என் முன்னால் சிரித்தது அன்றைக்குத்தான். மறுபடி பரிட்சைக்குப் பணம் கட்டினார். நான் எழுதினேன். ரிசல்ட் வருவதற்கு முந்திய வாரமே இளவரசி பாஸாகிவிட்டதாக மதினி ஜீப்பில் அறிவித்துவிட்டார். அவள் பாஸாகி நான் பெயிலானால் ஊருக்குள் எப்படி நடமாடுவது? நல்லவேளை, இரண்டு பேரும் தேறினோம். உத்தமபாளையத்தில் காலேஜ் முடித்து, இப்போது தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு எப்படியோ, நான் அந்தக் கதையை நம்பவில்லை, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

போன வருஷம் சென்டரில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு வீடியோவில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். பின்னலைச் சுருட்டினாள், உச்சியில் வைத்தாள். எனக்குப் பக்கென்றது. அதற்குள்ளே ஒரு துணி வளையத்தை வேறு வைத்துக் கட்டினாள். சாட்சாத் சும்மாடு. இத்தனை வருஷம் கழித்து மதினி சொன்னதே சரியாகிவிட்டது. அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போனால், எந்த ஊரோ, ஒரு பெரிய மண்டபத்தில் கிழவிகள், குமரிகள், தாடி வைத்த ஆண்கள்கூட வெள்ளி அங்கி போட்டு அந்தக் கொண்டையோடு கூட்டமாக நின்று சிரிக்கிறார்கள். முதலில் எனக்குத் தோன்றியது, இவர்களுக்கும் என்ன நேர்த்திக்கடனோ என்றுதான். இவர்கள் ஊரிலும் கரண்டு போயிருக்குமோ?

அவர்கள் அந்தப் படத்தின் ரசிகர்களாம். அப்படித்தான் படத்தின் பெயர் கிடைத்தது, படமும் கிடைத்தது. கடைசிப் பகுதியை வைத்துப் பார்க்க விரல் வரவில்லை. அவள் அந்த அறையில் அழுதுகொண்டு நின்றிருந்தால்? மதினியிடம் என்ன சொல்வது? தையல் கடைக்காரியிடம் என்ன சொல்வது? எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வது? அறையில் அடைக்கிற இடம் வரை பார்த்து நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினேன்.

மதினிக்கு மூட்டு போய்விட்டது. ஜீப்பை விட்டு ரொம்ப வருஷம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தெருவைப் பார்த்துப் பழைய சத்தம் ஒன்று கொடுத்தார். பழைய ஜீப்பில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். தையல் கடைக்காரி ஊசியைச் சேலையில் குத்தியபடியே வந்தாள். மசக்கைக்காரி வந்தாள், அவளுக்கு இப்போது பேரன். ஒரு தூக்குவாளியில் சாய்த்துப் போனை நிறுத்தினோம்.

படம் இங்கிலீஷில் ஓடியது. இவளுக்கு எப்போது இங்கிலீஷ் தெரியும் என்று மதினி கேட்டார். மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது. இரும்பு அறை வந்தது, சிவப்பு விளக்கு வந்தது. திரும்பி நின்றாள். சும்மாடு திரை முழுக்க நிறைந்தது. மதினி என் காதருகே குனிந்தார்.

"நீ பாத்துட்டியா?"

"இல்ல மதினி."

"அழுதுக்கிட்டு நின்னான்னா டக்குன்னு அமத்திரு. கரண்டு போச்சுன்னு இவளுக கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நான் விரலைத் தயாராக வைத்துக்கொண்டேன். ஆனால் படம் அவளை விட்டுவிட்டு வெளியே போய்விட்டது. கதாநாயகன் வருகிறான், சுடுகிறான், குதிக்கிறான், பெரிய துப்பாக்கியோடு அந்தக் கதவுக்கு வந்து சேர்கிறான். எங்களில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். மதினி கண்ணை மூடிக்கொண்டார். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பொத்தானை அமுக்கினான்.

கதவு திறந்த வேகத்தில் உள்ளேயிருந்து இளவரசி பாய்ந்து வந்து அவன்மேல் விழுந்தாள். அவன் மல்லாந்து போனான், துப்பாக்கி ஒரு பக்கம் போனது. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறாள், திடீரென்று கதவு விலகியதும் பிடிமானம் இல்லாமல் விழுந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை. அங்கியின் தோள்பக்கம் கிழிந்து தொங்கியது. எழுந்து, அவனைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். சும்மாடு மட்டும் அவிழவில்லை.

மதினி கண்ணைத் திறந்ததே எங்கள் அமைதியைக் கேட்டுத்தான். திரும்ப ஓட்டிக் காட்டினேன். பார்த்தார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுத் தன் இடது தோளைத் தடவிக்கொண்டார்.

"நாமதான் அன்னைக்கு எந்திரிச்சு வந்துட்டோம். அவ தள்ளுறத நிப்பாட்டவே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தையல் கடைக்காரி மூக்கை உறிஞ்சினாள். மசக்கைக்காரிதான் முதலில் சிரித்தாள், அந்தப் பயல் விழுந்தது நம்ம சேட்டன் குடை விழுந்த மாதிரியே இருந்தது என்று. பிறகு சிரிப்பை நிறுத்த வெகுநேரம் ஆனது.

அடுத்த திருவிழாவுக்கு வேஷம் இல்லை. உருவம் வைக்கிற முறை வந்துவிட்டது. இப்போது போனால் பார்க்கலாம். கோயில் மரத்தடியில் பிள்ளை வரத்துக்கு வைத்த மண் குழந்தைகள், குதிரைகள், ஒரு நாய், இவற்றுக்கு நடுவில் சும்மாடு கட்டிய ஒரு பெண் நிற்கிறாள். பரிட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவள் இடது தோளைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். கோர்ட்டில் கேஸ் உள்ளவர்களும் தொடுகிறார்கள். தோள் மட்டும் எண்ணெய் இறங்கிக் கறுத்துவிட்டது. எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. மதினியை மகன் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நாலாவது மாடியில் வீடு. அவர் லிப்டில் ஏறுவதில்லையாம், தள்ளவும் வழியில்லாத, இழுக்கவும் வழியில்லாத கதவை எப்படி நம்புவது என்கிறாராம்.

உருவம் செய்யச் சொல்லப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். வேளார் போனில் படத்தைப் பார்த்துக்கொண்டே களிமண்ணைப் பிசைந்தார். தலையைச் செய்தார், சும்மாட்டை வைத்தார், ஒரு காலை முன்னால் ஊன்றவைத்து உடம்பைச் சாய்த்தார். அங்கே அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இப்படியே வைத்தால் பிள்ளை காற்றைத் தள்ளுகிற மாதிரி இருக்கும், முன்னால் ஒரு கதவும் செய்துவிடட்டுமா என்று மதினியிடம் கேட்டார்.

"கதவு எங்கிட்டும் கெடக்கும். நீங்க தோளை மட்டும் நல்லா வையிங்க."